பெயின்ட் அடிப்பதற்கு முன்

"ஒரு மினிட்டு சேட்டா, பெரியவர் எழுந்திரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நௌஷாத் சாயாவில் ஒரு வாய் உறிஞ்சினார். ரேஷன் கார்டை ஸ்கேன் செய்ய வந்தவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். பெரியவர் என்று சொல்லும்படி அங்கே யாரும் இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி, மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைத் தொப்பி வைத்த நௌஷாத். திரையின் நடுவே ஒரு சின்னச் சதுரம் விரிந்து நீலமாயிற்று. ஒரு காலத்தில் எல்லா அலுவலகங்களிலும் கேட்ட பழைய வரவேற்பு இசை ஒன்று ஒலித்தது. "எழுந்துட்டார். இப்பக் கார்டைக் கொடுங்க" என்று கையை நீட்டினார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மூட்டைகள் மணக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே, ஒரு ஆட்டோவை நிறுத்தினால் இடம் தீர்ந்துபோகும் அகலத்தில் இருக்கிறது அவருடைய கடை. பெயர் 'லதீஃபா கம்ப்யூட்டர்ஸ்'. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை. லதீஃபா அவருடைய மனைவி. பாலக்காட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கடையில் லேமினேஷன் அவர் இலாகா. பலகை மாட்டிய அன்றே அண்ணாந்து பார்த்து, "இருக்கிறதே ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்ஸ்?" என்று கேட்டார். "வெளிய பாத்தா ஒண்ணு. உள்ள நாலு இருக்கு புள்ள" என்றார் நௌஷாத். அன்றிலிருந்து அதே பதிலைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொய்யில்லை. ஒரே கணினிக்குள் மென்பொருளால் தடுப்புச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு அறையிலும் ஒரு தனிக் கணினி குடியிருப்பது போல ஓடவைக்கிற வித்தை ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் பெரிய காரியங்களுக்கு அதைப் பயன்படுத்துகின்றன. நௌஷாத் ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பயன்படுத்துகிறார். உள்ளே குடியிருக்கிற எவருக்கும் தான் வாடகைக்கு இருப்பதே தெரியாது என்பதுதான் இதில் அவருக்கு மிகவும் பிடித்த விஷயம். "ஒவ்வொருத்தனும் தனி வீட்டுல இருக்கேன்னு நெனச்சிட்டிருக்கான். பாவம், சத்தமாப் பேசாதீங்க" என்று திரையைக் கடைக்கண்ணால் பார்த்தபடி குரலைத் தாழ்த்துவார். விஷயம் புரியாத வாடிக்கையாளர்களும் மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பெரியவர் என்பது விண்டோஸ் எக்ஸ்பி. பழைய தமிழ் எழுத்துருக்கள் அவரிடம் மட்டும்தான் ஒழுங்காக நிற்கும். பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் அவர் சொன்னால்தான் அசையும். அவருக்கு அடுத்த அறையில் மலையாளம் தட்டச்சு செய்கிற 'எழுத்தச்சன்'. அரசாங்க இணையதளங்களைத் திறக்கிற புதிய ஆள் 'ஆபீசர்'. நாலாவது, லினக்ஸ். அவருக்குச் 'சாமியார்' என்று பெயர். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் எதுவானாலும் முதலில் சாமியாரிடம்தான் போகும். "என்ன அழுக்கைக் கொடுத்தாலும் வாங்கிக்குவார். அவர் மேல ஒண்ணும் ஒட்டாது" என்பார் நௌஷாத். தாடியைத் தடவியபடி அவர் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பொறாமைகூடத் தெரியும்.

நாலு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் கணினி மூச்சு வாங்கும். இருக்கிற நினைவகத்தைப் பங்கு வைப்பதில்தான் சாமர்த்தியம் என்பார். கல்யாணப் பந்தியில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான் இதுவும் என்பது அவருடைய விளக்கம். "ஒருத்தன் மட்டும் கறியைத் தன் பக்கம் இழுத்தா மத்த மூணு பேரும் வெறுஞ்சோறு. ஆபீசர் அப்படித்தான் இழுக்கிறான். அவனை நான் கண்ணுலயே வச்சிருக்கேன்." ஆபீசரின் பங்கைக் கொஞ்சம் வெட்டிப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் பெரிய தர்மம் செய்தவர் போல உட்கார்ந்திருப்பார்.

இந்த வித்தையில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதுதான் நௌஷாதின் உயிர்நாடி. உள்ளே குடியிருப்பவர் இந்த நொடியில் எப்படி இருக்கிறாரோ அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் ஒரே சொடுக்கில் அந்த நொடிக்குத் திரும்பிவிடலாம். நடுவில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் நடக்காததாகிவிடும். எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும் அவர் பிஸ்மி சொல்லி ஒரு ஸ்னாப் எடுப்பார். அதற்கு ஒரு பெயரும் வைப்பார். 'வைரஸுக்கு முன்.' 'மழை பெய்வதற்கு முன்.' 'மச்சான் வந்து தொடுவதற்கு முன்.' 'லதீஃபா திட்டுவதற்கு முன்.'

"எல்லாமே முன்னுதானா? பின்னுன்னு ஒண்ணுகூடக் கிடையாதா?" என்று லதீஃபா ஒருநாள் கேட்டார்.

"பின்னாடி என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. அது மட்டும் நிச்சயம்."

வீட்டிலும் அதே பழக்கம். முடி வெட்டப் போவதற்கு முன் கண்ணாடியில் தன்னை வெகுநேரம் பார்த்துக்கொள்வார். சண்டை முற்றினால், "சரி விடு, நான் மத்தி வாங்கிட்டு வந்ததுக்கு முன்னாடி இருந்தோமே, அங்கயே போயிரலாம்" என்பார். "நீங்க போங்க. மீனைக் கழுவ யாராவது இங்க இருக்கணும்ல" என்பார் லதீஃபா.

இப்படிப்பட்ட மனிதரை ஒருநாள் ஸ்னாப்ஷாட்டே காலை வாரிவிட்டது.

சந்து முனையில் பூக்கடை வைத்திருக்கிறார் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கத்துக்காரர். அவரும் மனைவி மாயம்மாளும் கொச்சிக்கு வந்த பிறகு பிறந்தவள் சங்கரி. தமிழ் பேசுவாள், மலையாளம் எழுதுவாள். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் மேடு பள்ளத்தில் சைக்கிள் ஓட்டுவது போல மெதுவாகப் போவாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுடைய ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் நௌஷாத் கடையில்தான் அச்சாகின. தனக்குப் பெண் இல்லாத குறையை நௌஷாத் அந்த ப்ராஜெக்ட்டுகளுக்குக் கலர் பார்டர் போட்டுப் போட்டுத்தான் தீர்த்துக்கொண்டார்.

சங்கரிக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை ஆலுவாக்காரன். பெயர் ரமேஷ்பாபு. தேதி குறித்தார்கள். நௌஷாத் பத்திரிகையைத் தட்டச்சு செய்து பெரியவரிடம் பத்திரமாக வைத்தார். அப்போதுதான் ரமேஷ்பாபு, அன்றைக்குக் கலூர் ஸ்டேடியத்தில் கால்பந்து மேட்ச் இருக்கிறது, கல்யாணத்தை வேறு நாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டான். "அப்ப அந்தப் பந்தையே கெட்டிக்கோ" என்றாள் சங்கரி. சம்பந்தம் அதோடு முறிந்தது.

அந்தச் சமயத்தில் நௌஷாத் கடைக்குப் பெயின்ட் அடித்தார். கணினியைக் கழற்றுகிறோமே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நாலு பேருக்கும் ஒவ்வொரு ஸ்னாப் எடுத்து, 'பெயின்ட் அடிப்பதற்கு முன்' என்று பெயர் வைத்தார். ரமேஷ்பாபுவும் அதற்குள் மாட்டிக்கொண்டான். அது அவர் கவனத்தில் இல்லை.

பிறகு கலூரிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. பையன் முத்துவேல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டயர் கடை. அப்பா வெங்கிடாசலம் மெஸ் நடத்துகிறார். ஸ்டேடியத்துக்கு அருகிலேயே வீடு என்பதால் கால்பந்து என்றாலே குடும்பத்துக்கே எரிச்சல், தெருவெல்லாம் வண்டி நிற்கும் என்று. சங்கரிக்கு அதுவே பெரிய பொருத்தமாகப் பட்டது. நௌஷாத் பழைய பத்திரிகையைத் திறந்து மாப்பிள்ளை வீட்டு விவரங்களை மாற்றி, ஒரு மாதிரி அச்சடித்துக் கொடுத்தார். லதீஃபா அதை எழுத்துக் கூட்டாமல் கணீரென்று வாசித்தார். இசக்கிமுத்துவுக்கும் மாயம்மாளுக்கும் எழுத்து வாசிக்க வராது. அவர் கண்ணை மூடிக் கேட்டு, "சரியா இருக்கு பாய், அடிச்சிரும்" என்றார்.

அடிப்பதற்குள் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். அன்றைக்குச் சாமியார் தூக்கத்தில் இருந்தார். அவசரம் என்று நௌஷாத் அதை நேராகப் பெரியவருக்கே செருகினார். பெரியவருக்குக் கண் சொருகிவிட்டது. எதைத் தொட்டாலும் அசையவில்லை. நௌஷாத் கொஞ்சமும் கலங்கவில்லை. பட்டியலில் கண்ணுக்கு முதலில் பட்ட 'பெயின்ட் அடிப்பதற்கு முன்' என்பதைச் சொடுக்கினார். பெரியவர் குளித்துத் தலை சீவியவர் போலப் பளிச்சென்று எழுந்து வந்தார். "பாத்தியா புள்ள!" என்று லதீஃபாவிடம் மார்தட்டிவிட்டு, பத்திரிகைக் கோப்பைத் திறந்து மொத்தத்தையும் அச்சடித்தார். ஏற்கெனவே சரிபார்த்ததுதானே என்று படித்துப் பார்க்கவில்லை. பெயின்ட் அடித்த பிறகு நடந்த எதுவும் பெரியவருக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. சம்பந்தம் முறிந்ததையே பெரியவர் அறியமாட்டார்.

இசக்கிமுத்துவும் மாயம்மாளும் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவி, கட்டை வாங்கிக்கொண்டு கலூருக்குப் புறப்பட்டார்கள். சம்பந்தி வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை, வெற்றிலை பாக்கோடு. இருவருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே போன் நௌஷாத் கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மை இழுகிப்போன பத்திரிகை ஒன்றை லதீஃபா சாயா கிளாஸுக்கு அடியில் வைக்க மடித்தார். மடித்தவர் நிறுத்தினார்.

"ஏங்க, ரமேஷ்பாபுங்கறது யாரு?"

"அது அந்த ஆலுவாப் பையன். பழைய மாப்பிள்ளை."

"அப்பப் புதுப் பத்திரிகையில ஏன் நிக்கிறான்?"

நௌஷாத் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். 'திருவளர்செல்வன் ரமேஷ்பாபு' என்று, சுற்றிலும் மல்லிகைக் கொடி படர, அழகான எழுத்தில் நின்றுகொண்டிருந்தான். "படச்சோனே!" என்றார். இசக்கிமுத்துவின் போனை எடுத்தார். பூட்டியிருந்தது. சம்பந்தி வீட்டு எண் அதற்குள்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எந்த ஸ்னாப்பும் எடுக்காமல் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

லதீஃபா பின்னால் ஏறிக்கொண்டார். தோப்பும்படி பாலத்தில் நௌஷாத் முன்னால் போன லாரியை முந்தினார். பிறகு, "சங்கரி மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். "முதல்ல ரோட்டப் பாருங்க. அவ மொகத்த அப்புறம் பாக்கலாம்" என்றார் லதீஃபா. கலூரை நெருங்கியதும் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றன. ஸ்டேடியத்தில் மேட்ச். மஞ்சள் சட்டையும் கொம்பு ஊதலுமாகக் கூட்டம். நௌஷாத் பல்லைக் கடித்தார். "அந்த ரமேஷ்பாபு இங்கதான் எங்கயோ ஆடிக்கிட்டு நிக்கிறான். பத்திரிகையிலயும் அவன், ரோட்டுலயும் அவன்!"

அவர்கள் உள்ளே நுழைந்தபோது வெங்கிடாசலம் பத்திரிகையை எல்லாரும் கேட்கும்படி உரக்க வாசித்து முடித்திருந்தார். அந்த வீட்டில் சரளமாகத் தமிழ் வாசிப்பவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, மறுபடியும் பார்த்தார்.

"எம் மகனுக்கு இப்படி ஒரு பேர் வச்ச ஞாபகமே இல்லையே" என்றார் மெதுவாக.

மாயம்மாள் வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவர் மேல ஒரு தப்பும் இல்ல!" என்று வாசலிலிருந்தே கத்தினார் நௌஷாத். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. எல்லாரும் திரும்பி, அந்த வீட்டில் மூத்தவரான வெங்கிடாசலத்தையே பார்த்தார்கள்.

"என் மேல தப்பு இல்லன்னு எனக்கே தெரியும். நீங்க யாரு?" என்றார் வெங்கிடாசலம்.

நௌஷாத் தரையில் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டைக் கணினியாக்கி, நாலு பாக்கை எடுத்து நாலு மூலையில் வைத்து விளக்கத் தொடங்கினார். நாலு குடித்தனம், சஹன், சாமியார், பென் டிரைவ், பெயின்ட், அந்த நொடியைப் பிடித்து வைப்பது, அந்த நொடிக்கே திரும்புவது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். முத்துவேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வெங்கிடாசலம் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகப் புரிந்திருந்தது.

"அப்ப அந்தப் பையன் இன்னும் உள்ளதான் இருக்கானா?"

"ஒரு வகையில..."

"முன்னால ஒரு எடம் பேச்சோட நின்னுபோச்சுன்னாங்க. சரின்னேன். இங்க பாத்தாப் பத்திரிகை வரைக்கும் வந்திருக்கு."

"அது அச்சாகல அண்ணாச்சி. டைப் மட்டும்தான் அடிச்சோம்" என்றார் இசக்கிமுத்து.

"இது என்ன, அப்பளமா?" என்று வெங்கிடாசலம் பத்திரிகையை ஆட்டிக் காட்டினார்.

கடைசியில் லதீஃபாதான் பேசினார். "அண்ணே, தப்பு எங்க வீட்டுக்காரரோடது. இவருக்கு எதையும் அழிக்க மனசு வராது. பத்து வருசத்துக்கு முன்னாடி கெட்டுப்போன மவுஸ்கூட எங்க வீட்டு அலமாரியில இருக்கு. அந்தப் பொண்ணு பாவம், அது என்ன பண்ணும்?"

வெங்கிடாசலம் நௌஷாதின் ஹெல்மெட்டையும், அதற்குள் வியர்த்து வழிந்த முகத்தையும் பார்த்தார். "நாளைக் காலையில நான் கடைக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி அவன அங்கேருந்து காலி பண்ணணும். அப்புறம்தான் தாம்பூலம் மாத்துறது" என்றார்.

மறுநாள் அவர் சலவை வேட்டியில், துக்க வீட்டுக்கா கல்யாண வீட்டுக்கா என்று சொல்ல முடியாத முகத்தோடு வந்தார். கூடவே முத்துவேல். இசக்கிமுத்து பூக்கடையை மூடிவிட்டு வந்தார். மாயம்மாளுக்குப் பின்னால் சங்கரி நின்றாள். கிட்டங்கி ஆட்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் கூடினார்கள். "எந்தா இக்கா சங்கதி?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒரு மாப்பிள்ளையை அழிக்கப் போறாங்க" என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

நௌஷாத் பட்டியலைத் திறந்தார். 'பெயின்ட் அடிப்பதற்கு முன்' என்பதன் மேல் அம்புக்குறி போய் நின்றது. இதை அழித்துவிட்டால், பெரியவர் மறுபடி மயங்கி விழுந்தால் எழுப்ப வழியில்லை. மிச்சமிருக்கிற மற்ற ஸ்னாப்கள் எல்லாம் ஏதாவது ஒரு கோளாறோடு பிடித்தவை. ஆரோக்கியமாக இருந்தபோது பிடித்தது இது ஒன்றுதான். புதிதாக ஒன்று பிடிக்கலாமென்றால், வெங்கிடாசலத்தின் முன்னால் ஸ்னாப் என்ற பேச்சையே எடுக்க முடியாது. சங்கரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ப்ராஜெக்ட்டைக் கடைசி நாளில் கொண்டுவந்து நிற்கும்போதும் அப்படித்தான் கடிப்பாள்.

"இக்கா, வேண்டாம்னா விட்டுருங்க. நான் வேற எங்கயாவது..." என்று அவள் முணுமுணுத்தாள்.

"வேற எங்க போவ நீ? பேசாம இரு" என்று அதட்டிவிட்டு, நௌஷாத் முதலில் பத்திரிகைக் கோப்பை அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, ஸ்னாப்பையும் அழித்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்தது.

"போயிட்டானா?" என்றார் வெங்கிடாசலம்.

"போயிட்டான்."

வெங்கிடாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்த கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாக ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். காதை வைத்தும் கேட்டார். நிமிர்ந்து, "காத்தாடி மட்டும்தான் ஓடுது" என்று எல்லாருக்கும் அறிவித்தார். அதுவரை அடக்கிவைத்திருந்த முத்துவேல் வெடித்துச் சிரித்தான். சங்கரிக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததைக் கண்டு மாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்திரிகையைப் புதிதாகத் தட்டச்சு செய்தார்கள். வெங்கிடாசலம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நௌஷாத் அடித்தார், லதீஃபா வாசித்தார். முத்துவேல் என்ற பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டதும், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அது மணமகளின் பெயரைவிடவும், கோயிலின் பெயரைவிடவும் பெரிதான பிறகுதான் திருப்தி அடைந்தார்.

அச்சுக்குக் கொடுக்க நௌஷாத் கை வைத்தபோது, வெங்கிடாசலம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்துங்க பாய். இப்ப உள்ள எம் மகன்தானே இருக்கான்?"

"வேற யாரு?"

"ஏதோ பிடிச்சு வைக்கிறதுன்னு நேத்துப் பாக்கை வச்சுக் காட்டுனீங்களே. இப்ப இருக்கிற மாதிரியே ஒரு தடவை பிடிச்சு வச்சிருங்க. நாளைக்கு இன்னொருத்தன் பென் டிரைவோட வந்துட்டான்னா?"

நௌஷாதின் முகத்தில் காணாமற்போன ரத்தம் திரும்பி வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார். ஸ்னாப் எடுக்கும் பொத்தானைச் சொடுக்கினார். என்ன பெயர் என்று திரை கேட்டது. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஓடின: 'சங்கரி கல்யாணத்துக்கு முன்'.

லதீஃபா பின்னால் நின்று லேசாகச் செருமினார். வெங்கிடாசலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நோக்கிக் குனியத் தொடங்கினார்.

நௌஷாத் அவசரமாக 'முன்' என்பதை அழித்தார். ஒரு நொடி யோசித்தார். மிச்சத்தையும் எழுத்து எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தார், சங்கரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்வரை. அதன் பக்கத்தில் 'முத்துவேல்' என்று தட்டி, எண்டரை அழுத்தினார்.